கனரக வாகனங்களுக்கு அனுமதி இல்லை

மூன்று நாளில் மூன்று நகரங்களைப் பார்த்து முடித்துவிட்டோம். பார்த்தது என்றால், பெயர்ப் பலகையை. அம்புக்குறி நேராக ஊருக்குள் போகச் சொல்லும். என் வீட்டுக்காரர் இடது பக்கம் சிக்னல் போட்டுப் புறவழிச் சாலையில் திரும்பிவிடுவார். கோட்டை ஊரில் கோட்டை தூரத்தில் ஒரு பழுப்புக் கோடாகத் தெரிந்தது. மலை ஊரில் மலையின் முதுகுதான் கிடைத்தது. கடற்கரை ஊரில் கடல் வாடை வந்தது, கடல் வரவில்லை.

அவர் முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டிவிட்டுப் போன மாதம்தான் ஓய்வு பெற்றார். பகலில் எந்த ஊருக்குள்ளும் லாரியை விடமாட்டார்கள். ஊரைச் சுற்றிப் போய், வெளியில் இருக்கும் கிடங்கில் சரக்கை இறக்கிவிட்டு, அப்படியே அடுத்த ஊர். அந்தப் பழக்கம் கையில் ஏறிவிட்டது. இப்போது ஓட்டுவது என் தம்பியின் சின்னக் கார் என்பதைக் கைக்கு யார் சொல்வது? காலையில் நான்கு டயரையும் தட்டிப் பார்க்காமல் ஒரு நாளும் கிளம்பவில்லை. லாரிகளை எடை போடும் மேடையைக் கண்டால் வண்டி தானாக ஓரம் கட்டியது. முதல் நாள் சிரித்தேன். இரண்டாம் நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் நான் பேசியதை இங்கே எழுத முடியாது.

எனக்கு மொத்தமே பத்து நாள்தான் விடுப்பு. மருத்துவமனையில் சீட்டு எழுதும் வேலை. ஒரு நாளைக்கு இருநூறு பேரிடம் பெயர் என்ன, வயது என்ன, எந்த ஊர் என்று கேட்டுக் கேட்டே இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. இந்த நாட்டில் நான் எழுதாத ஊர் இல்லை, பார்த்த ஊரும் இல்லை. அதிலிருந்து பொறுக்கி எடுத்து ஐந்து ஊருக்குப் பட்டியல் போட்டிருந்தேன். இன்னும் இரண்டு மாதத்தில் மகளுக்குப் பிரசவம். அப்புறம் எங்கே கிளம்புவது? இதை விட்டால் விட்டதுதான்.

அந்த மகள் வேறு தினம் சாயங்காலம் போட்டோ கேட்டாள். நானும் இருந்ததை அனுப்பினேன்: ஒரு பெட்ரோல் பங்க், ஒரு டீக்கடை, டயருக்குப் பக்கத்தில் குனிந்திருக்கும் அவள் அப்பா.

"ஏம்மா, நீங்க ஊரைப் பாக்கப் போனீங்களா, ஊரைச் சுத்திக்கிட்டுப் போனீங்களா?" என்று கேட்டாள். "எனக்கு அந்தப் பாலம் மட்டும் போதும். அதையாவது எடுத்து அனுப்புங்க."

பாலம் என்றால் நான்காவது ஊரின் பாலம். கப்பல் வந்தால் நடுவில் இரண்டாகப் பிளந்து மேலே எழும்பும்; போனதும் திரும்பச் சேர்ந்துகொள்ளும். அவள் சின்னவளாக இருக்கும்போது, அந்தப் பக்கம் லோடு அடித்துவிட்டு வரும்போதெல்லாம் இவர் இரண்டு உள்ளங்கையையும் விரல் நுனியில் ஒட்டவைத்து, மெதுவாகப் பிரித்துத் தூக்கிக் காட்டுவார். பிள்ளை சோற்றை மறந்து பார்த்துக்கொண்டிருப்பாள். நானும்தான்.

நான்காம் நாள் மத்தியானம் அந்த ஊர் வந்தது. பலகையில் எழுத்து மாறி, வயலில் பயிர் மாறி, மண்ணின் நிறம் கூட மாறியிருந்தது. மாறாதது ஒன்றுதான். டிக் டிக் என்று இடது பக்கம் சிக்னல் விழுந்தது.

"வண்டிய நிறுத்துங்க," என்றேன்.

நிறுத்தினார். இன்றைக்கும் ஊருக்குள் போகாவிட்டால் இங்கேயே இறங்கி பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவேன், மிச்ச விடுப்பை ரத்து செய்துவிட்டு வேலைக்குப் போவேன் என்று சொல்லிக் கதவில் கை வைத்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருக்கும் அது தெரிந்தது.

ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உள்ள போனா எனக்கு வழி தெரியாது."

"தெரியாதா? பாலத்துக்கு எத்தனை தடவ போயிருக்கீங்க?"

"போனதே இல்ல. மூட்டை இறக்குறவங்க சொல்லுவாங்க. அதத்தான் உங்ககிட்ட வந்து சொன்னேன். கோட்டையும் அப்படித்தான், எல்லாமே அப்படித்தான்."

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டுக்காரர் பார்க்காத ஊரே கிடையாது என்று மருத்துவமனை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த ஊர்க்காரர்கள் சீட்டு எழுத வந்தால், உங்கள் ஊர்ப் பாலம் எப்படி இருக்கிறது என்று நானே பார்த்தவள் மாதிரி விசாரித்திருக்கிறேன். என் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஆனால் மனிதர் முப்பத்தொரு வருஷமும் ஒவ்வொரு ஊர் வாசலிலும் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார். தான் பார்க்காததைக் கூட எங்களுக்குக் காட்ட வேண்டும் என்று பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார். கோபம் போகவில்லை. அதைவிடப் பெரிதாகப் பாவமாக இருந்தது.

"எனக்கும்தான் வழி தெரியாது," என்றேன். "ரெண்டு பேருமாத் தொலைஞ்சு போவோம், வாங்க."

சிக்னலை அணைத்தார். ஊர் முகப்பில் சிவப்பு வட்டத்துக்குள் லாரி போட்ட பலகை நின்றது; அதற்குக் கீழே ஒரு போலீஸ்காரர். பழக்க தோஷம், இவர் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டார். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. போலீஸ்காரர் எரிச்சலோடு, போய்யா போ என்று கையை வீசினார்.

"விட்டுட்டாரு," என்றார் என் வீட்டுக்காரர்.

சொன்னபடியே தொலைந்தோம். ஒரே செருப்புக் கடையை மூன்று தடவை கடந்தோம். கடைசியில் குடை ரிப்பேர் செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் வண்டியை நிறுத்தி, அந்த ஊர் மொழியில் தடங்கல் இல்லாமல் ஏதோ கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெண் காரின் பின்சீட்டை எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி ஏதோ கேட்டாள். இவர் முகம் சிவந்துவிட்டது.

என்ன கேட்டீர்கள் என்றேன்.

"சரக்க எங்க இறக்கணும்னு. இந்த பாஷையில எனக்கு அது ஒண்ணுதான் முழுசாத் தெரியும். என்ன சரக்குன்னு கேக்குறாங்க."

நான்தான் என்று நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன். அவள் குடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அப்போது இவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் விரல் நுனியில் ஒட்டவைத்து, மெதுவாகப் பிரித்துத் தூக்கினார். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. எழுந்து வந்து, இரண்டாவது திருப்பம், அப்புறம் நேரே என்று கையாலேயே சொன்னாள். கடிகாரத்தைத் தட்டி, சீக்கிரம் என்றாள்.

நாங்கள் போய் இறங்கும்போது மணி அடித்து, பாதையை மறித்துச் சங்கிலி போட்டுவிட்டார்கள். ஜனங்களோடு ஜனமாக நின்றோம். ஒரு சத்தமும் இல்லாமல், தார் ரோடும் விளக்குக் கம்பங்களுமாக அந்தப் பாலம் பிளந்து எழுந்தது. கீழே கப்பல் போயிற்று. இவர் கைகள் இரண்டும் தாமாகவே எழும்பி அந்தரத்தில் நின்றன. இறக்க மறந்துவிட்டார்.

பாலத்தை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று நான் அவரைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அடுத்த நிமிஷமே மகள் அவர் போனில் கூப்பிட்டாள். அப்பா, பாலம் நீங்கள் சொன்ன மாதிரியே இருக்கிறதா என்று அவள் கேட்டது எனக்கே கேட்டது.

அவர் என்னைப் பார்த்தார்.

"தெரியலம்மா, அப்பா இன்னைக்குத்தான் மொதமொதல்ல பாக்குறேன்," என்றார். "நான் சொன்னத விடப் பெருசா இருக்கு."