உள்ளேயும் வெளியேயும் பூசிய வீடு

அவளுடைய வீட்டுக்காரருக்குத் தெருவில் பேர் அட்சரம். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு ஒன்று இருந்தது, அதை யாரும் கூப்பிட்டதில்லை. எதையும் எழுதினபடி, அட்சரம் பிசகாமல் செய்கிற மனுஷன். ஒழுகுகிற மாடிகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் பூச்சு பூசுவது தொழில். ஒரு பூச்சு காய்ந்த பிறகே மறு பூச்சு என்று டின்னில் போட்டிருந்தால், கைகட்டி அதன் எதிரே உட்கார்ந்திருப்பார். மற்ற ஆட்கள் அதற்குள் இரண்டு வீட்டு வேலையை முடித்திருப்பார்கள். ஆனால் அவர் பூசின இடம் மறுபடி ஒழுகியது என்று இன்றுவரை ஒருத்தரும் வந்து நின்றதில்லை.

வேதப் புத்தகத்தையும் அவர் டின்னைப் படிக்கிற மாதிரிதான் படிப்பார். அதில் வெள்ளக் கதை என்றால் அவருக்கு உயிர். உலகமே முழுகுகிறது, ஒரு நல்ல மனுஷன் குடும்பத்தோடு படகில் தப்பிக்கிறான். அந்தப் படகை உள்ளேயும் வெளியேயும் பூசச் சொன்னது கடவுள். "கடவுளே நேரா வந்து வேலை சொன்ன தொழில் எங்க தொழில்" என்று பக்கத்துக் கொட்டகை இஸ்திரிக்காரரிடம் பெருமை பீற்றிக்கொள்வார்.

இஸ்திரிக்காரர் லேசுப்பட்ட ஆள் இல்லை. அவள் தைக்கிற பள்ளிச் சீருடைகளை எல்லாம் தேய்த்துக் கொடுப்பவர் அவர்தான். அவளுக்கு அவர் அண்ணன் முறை ஆகிப் பல வருஷம் ஆயிற்று, அந்த முறையில் அட்சரம் அவருக்கு மாப்பிள்ளை.

"எங்க கதையிலயும் வெள்ளம் வருது மாப்பிள்ளை. எங்க ஆளோட படகை ஒரு மீன் இழுத்துக்கிட்டுப் போகுது. உங்க கதையும் எழுத்துக்கு எழுத்து நிஜம், எங்க கதையும் எழுத்துக்கு எழுத்து நிஜம்னா, ரெண்டு பேரும் நடுத்தண்ணியில பாத்திருக்கணுமே? ஒரு வணக்கம்கூடவா சொல்லிக்கலை?"

தையல் மிஷினில் உட்கார்ந்தபடி அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

"அவங்க அவங்க ஊர் ஆறு பொங்கியிருக்கும். அவங்களுக்கு அதுதான் உலகம்" என்பார் இஸ்திரிக்காரர்.

அட்சரத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "உலகம்னா உலகம்தான். ஒரு எழுத்தை உருவினீங்கன்னா மொத்தமும் ஒழுகிடும்."

ஆனாலும் அடுத்த நாள் இரண்டு பேரும் சேர்ந்துதான் டீ குடிப்பார்கள்.

அந்த வாரம் மழை விடவே இல்லை. ஆறு கரையைத் தொட்டுவிட்டது, எல்லாரும் பள்ளிக்கூட மாடிக்குப் போங்கள் என்று காலையில் வண்டி கட்டிக் கத்திக்கொண்டு போனார்கள். தெரு மூட்டை முடிச்சோடு கிளம்பியது. அவளும் மகள் பாப்பாவுக்கு இரண்டு கவுனை எடுத்துப் பையில் வைத்தாள். அட்சரம் பையை வாங்கிக் கீழே வைத்தார்.

"நாம ஏன் போகணும்? இந்த வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வராது."

பிறகு அவர் வேலையை ஆரம்பித்தார். வாசல் கதவை வெளியே சுற்றிப் பூசினார், ஜன்னல்களைப் பூசினார். பின்கட்டு வழியாக உள்ளே வந்து அதையெல்லாம் உள்பக்கமும் பூசினார். குளியலறைக் குழியைக்கூட விடவில்லை. கடைசியில் பின்கதவு மிஞ்சியது. அதற்கு வெளியே யார் பூசுவது? வெளியே போனால் உள்ளே வர முடியாது. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு அதை உள்பக்கம் மட்டும் பூசினார். சொன்னபடி செய்த வீட்டில் அந்த ஒரு கதவுதான் அரைகுறை. அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

கரண்ட் போயிற்று. காற்று வர ஓர் ஊசித் துளை இல்லை. பூச்சு நெடி தொண்டையைப் பிடித்தது, பாப்பா தலைவலிக்கிறது என்று அழுதாள். ஈரமே இல்லாத தரையில் நின்றுகொண்டு அவளுக்கு மூச்சு முட்டியது. ஜன்னல் கண்ணாடியில் பழுப்புத் தண்ணீர் முதலில் ஒரு கோடாகத் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு மேலே ஏறியது. எத்தனையோ தொட்டிகளை இவர் பூசியிருக்கிறார், தொட்டிக்குள் ஆளை வைத்துப் பூசியது இதுதான் முதல் தடவை என்று அவளுக்குத் தோன்றியது. சொன்னால் சண்டை வரும்.

அப்போதுதான் பின்கதவை யாரோ தட்டினார்கள்.

"தங்கச்சி! மாப்பிள்ளை!"

அவள் சமையல் மேடைமேல் ஏறி, கதவுக்கு மேலே இருந்த கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். இஸ்திரிக்காரர். மார் வரைக்கும் தண்ணீரில், பின்வாசல் படியில் நின்று, ஒரு கையால் சுவரோரக் குழாயைக் கட்டிப் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் கொட்டகை இருந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. ஊரார் துணியைப் போட்டுவிட்டு எப்படிப் போவது என்று மனுஷன் துணி மூட்டைகளைப் பரணில் ஏற்றிக்கொண்டு இருந்திருக்கிறார். கொட்டகையே போய்விட்டது.

"என்னங்க, அண்ணன்! கதவைத் திறங்க!"

அட்சரம் அசையவில்லை. "பூச்சு இன்னும் காயலை. இப்பத் திறந்தா விட்டுடும். மறுபடி அடைக்க முடியாது. வெளிய இருக்கிற தண்ணி அத்தனையும் உள்ள வரும்."

"வரட்டும்!"

"பாப்பா உள்ள இருக்கா."

அதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கண்ணீர் காய்ந்த கன்னத்தோடு பாப்பா மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, கதவு தாங்கட்டும் என்று அவளும் நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது. எத்தனை வருஷம் அந்த மனுஷன் கையால் தேய்த்த காலரை வைத்து நல்ல பேர் வாங்கியிருக்கிறாள்!

மறுபடி தட்டல். இந்தத் தடவை கூப்பிடவில்லை, தட்டல் மட்டும்தான்.

அவள் பாப்பாவைத் தூக்கி மேடைமேல் நிறுத்தி, பாத்திரங்களைத் தள்ளிவிட்டுப் பரணில் ஏற்றினாள். "அங்கேயே உக்காரு. அம்மா வருவேன்." கீழே இறங்கிப் புருஷனுக்கு நேராக நின்றாள்.

"எழுத்துக்கு எழுத்து நிஜம்னு சொல்றீங்களே, உண்மையிலேயே அப்படித்தானா?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்க."

"நிஜம்தான்."

"அப்போ தண்ணி ஏறினப்ப அக்கம்பக்கத்து ஜனங்க வந்து தட்டியிருப்பாங்க இல்லையா? கதைன்னா யாரும் தட்ட மாட்டாங்க. நிஜம்னா தட்டியிருப்பாங்க. புள்ளைங்களைத் தோள்ல தூக்கிக்கிட்டு வந்து தட்டியிருப்பாங்க. தெரிஞ்ச குரல், தெனம் பேசின குரல். உள்ள இருந்த மனுஷனுக்கு அது கேட்டிருக்கும். அவர் என்ன செஞ்சார்? அதுக்கு என்ன எழுதியிருக்கு?"

அட்சரம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவர் உதடு லேசாக அசைவதை அவள் பார்த்தாள். மனப்பாடமான கதையை முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கிறார். படகின் நீளம் வந்தது, அகலம் வந்தது, ஜோடி ஜோடியாக மிருகங்கள் வந்தன, மழை வந்தது, மலை முழுகியது. ஊரில் யாரோடு வாதாடினாலும் இதுவரை அவருக்கு ஒரு வரிகூடக் குறைந்ததில்லை.

"எழுதலை" என்றார் கடைசியில். குரலே மாறியிருந்தது. "கதவை மூடினது கடவுள்னு இருக்கு. தட்டினவங்களைப் பத்தி ஒண்ணும் எழுதலை."

"இந்தக் கதவை மூடினது யாரு?"

வெளியே தட்டல் ஒரு தரம் கேட்டது. உள்ளங்கையால் அடிக்கிற சத்தம், பலம் இல்லை. அதற்கப்புறம் மழைச் சத்தம்தான்.

"நான்தான்" என்றார் அட்சரம்.

வேலைப் பையிலிருந்து உளியை எடுத்தார். கதவு இடுக்கில் உளியைக் கொடுத்துக் கீறினார். நல்ல வேலை அல்லவா, லேசில் விடுமா? ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் கீறினால் மறுபக்கம் பிடித்துக்கொண்டது. இவ்வளவு ஒழுங்காக வேலை செய்யத் தெரிந்த ஒருவனை எதற்குக் கட்டிக்கொண்டேன் என்று அவள் மனசுக்குள் திட்டிக்கொண்டே சமையல் கத்தியால் அடிப்பக்கத்தைக் கிழித்தாள். "அண்ணே, விட்டுடாதீங்க! குழாயை விட்டுடாதீங்க!" என்று கத்தினாள். பதில் இல்லை.

அட்சரம் தாழ்ப்பாளை இழுத்தார். தண்ணீர் கதவோடு அவரையும் சேர்த்துச் சுவரில் அறைந்தது. ஸ்டூலும் சீருடைக் கட்டுகளும் மிதந்து சுற்றின. அவர் எழுந்து, நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையை வெளியே நீட்டித் துழாவினார். குழாயில் இன்னும் ஒரு கை இருந்தது. அதைப் பிடித்து இழுத்தார். அவள் புருஷன் இடுப்பைப் பிடித்து இழுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் நாலு பேரும் பரணில் இருந்தார்கள். நிமிர்ந்தால் கூரை இடிக்கும், காலை நீட்டினால் தண்ணீர். கீழே மிஷின் முழுகிப் போயிருந்தது. பாப்பா அவள் மடியில் ஒண்டிக்கொண்டாள். தண்ணீர் இன்னும் ஏறுமா, இங்கேயே நிற்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. இஸ்திரிக்காரர் ரொம்ப நேரம் இருமினார். இருமல் அடங்கியதும் ஒரு வருத்தமும் இல்லாமல், சாதாரணமாகத்தான் கேட்டார்.

"எவ்வளவு நேரமா தட்டினேன் மாப்பிள்ளை! உள்ள கேக்கவே இல்லையா?"

அவள் முந்திக்கொண்டாள். "மழைச் சத்தத்துல அண்ணே, எங்களுக்கு..."

"கேட்டுச்சு" என்றார் அட்சரம். "மொதல் தட்டுலயே கேட்டுச்சு."

இஸ்திரிக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேர் தோளும் ஒட்டிக்கொண்டிருந்தன. கொஞ்சம் தள்ளி உட்காரலாம் என்றால் பரணில் இடம் இல்லை.