சிரித்த பிணம்

உண்மையில் நடந்த ஒரு கொலை வழக்கை வைத்து எடுத்த பழைய படத்தைப் புதுப்பித்து மறுபடியும் திரையிட்டார்கள். அதில் கொலையுண்ட பெண்ணாக நடித்தவர் இப்போது தையல்கடை வைத்திருக்கிறார். கடையைப் பூட்டிவிட்டு, கணவரோடும் மகளோடும் பகல் காட்சிக்குப் போனார். கணவரும் அந்தப் படத்தில் உண்டு. பிணத்தின்மேல் துணி போர்த்தும் போலீஸ்காரர் அவர்தான், வசனமே கிடையாது.

அந்தக் காட்சி வந்தது. அரங்கில் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. பழைய பிரதியில் மங்கிக் கிடந்த முகம் இப்போது பளிச்சென்று தெரிந்தது. போலீஸ்காரர் குனிந்து துணியை இழுத்தார். பிணத்தின் உதட்டோரம் லேசாகத் துடித்தது.

"அம்மா, நீ சிரிக்கிற," என்றாள் மகள்.

"உஷ். எல்லாம் உங்கப்பாவால வந்தது. துணிய மூடும்போது காதுல கிசுகிசுன்னு பேசினாரு."

"என்னப்பா சொன்னீங்க?"

"காலையிலேர்ந்து அசையாமப் படுத்திருந்தா, பாவம். 'பசிச்சா சொல்லுங்க, என் சாப்பாட்டுல பாதி தர்றேன்'னேன்."

"பொணத்துகிட்ட கேக்குற கேள்வியா அது? சிரிப்ப அடக்குறதுக்குள்ள எனக்கு உசுரே போச்சு," என்றார் அம்மா.

"அப்புறம்?"

"எந்திரிச்சுப் போயி பாதிய வாங்கித் தின்னேன். ரெண்டே மாசத்துல கல்யாணம்."

முன்வரிசைக்காரர் திரும்பினார். "கொஞ்சம் பேசாம இருங்க. அங்க ஒரு அம்மா செத்துக் கெடக்குறாங்க."

"மன்னிச்சுக்கோங்க," என்று செத்த அம்மாவே சொன்னார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் நாற்காலி வரிசையே குலுங்கியது.