ஆறாவது கை

ஐந்து கைகள் உயர்ந்தன. நான்கு கைகள் மேஜை மேலேயே கிடந்தன. அத்தாவுல்லா தூக்கிய கையை இறக்காமல் அந்த நான்கு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். எவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவர் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். இன்னொருவர், வண்ணாரப்பேட்டையில் கருப்பட்டி மண்டி வைத்திருக்கும் அய்யாத்துரை, ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த புறாவை ஏதோ முக்கியமான சாட்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1952-ஆம் வருஷம், பங்குனி வெயில். ஹைகோர்ட்டில் கிரிமினல் செஷன்ஸ். ஒன்பது ஜூரிகளையும் ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே சேவகன் காவல் நின்றான். ராயபுரத்தில் வலைநூலும் கயிறும் விற்கும் அத்தாவுல்லாவுக்கு ஜூரி சம்மன் வந்தபோது அவர் மனைவி பதுருன்னிசா பயந்தே போனாள். அவருக்கோ உள்ளூர ஆசை. டிராமில் போகும்போதெல்லாம் இந்தச் சிவப்புக் கட்டடத்துக்குள் என்னதான் நடக்கிறது என்று நினைத்ததுண்டு. இப்போது நடப்பதைப் பார்த்தார், ஒன்றும் விளங்கவில்லை.

வழக்கு சிக்கலானதல்ல. ராயபுரத்தில் ஒரு வரிசை வீடுகளை மேற்பார்வை பார்த்து வாடகை வசூலிப்பவன் குமாரவேல். அங்கே குடியிருந்தவள் சிலுவையம்மாள், கூடை மீன் விற்கும் விதவை. அவள் ஏலத்துக்குக் கடற்கரை போயிருந்த காலை நேரத்தில், வீட்டில் தனியாக இருந்த அவளுடைய பதினோரு வயதுப் பெண் அம்முவை அவன் கெடுத்துவிட்டான் என்பது குற்றச்சாட்டு. கூண்டில் ஏறி அந்தப் பெண் எல்லாவற்றையும் சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் முன்னும் பின்னுமாகக் கேட்டார். அவள் மாற்றிச் சொல்லவில்லை. பாதியில் குரல் போயிற்று, தண்ணீர் கொடுத்தார்கள், குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். டாக்டரின் சாட்சியமும் அவள் சொன்னதோடு ஒத்துப்போனது.

ஜட்ஜ் விளக்கமாகவே சொல்லியிருந்தார். ஒன்பது பேரில் ஆறு பேராவது ஒரே பக்கம் நிற்கவேண்டும். இல்லையென்றால் இந்த ஜூரியைக் கலைத்துவிட்டுப் புது ஜூரி, புது விசாரணை, எல்லாம் முதலிலிருந்து. முதலிலிருந்து என்றால் அம்மு மறுபடி கூண்டேற வேண்டும். மறுபடி அந்த வக்கீல். மறுபடி அந்தத் தண்ணீர் டம்ளர். குற்றவாளி என்று கை தூக்கியதோ ஐந்து பேர். ஒரு கை குறைந்தது.

அவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு அய்யாத்துரை பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“அண்ணாச்சி, தப்பா நெனைச்சுக்காதீங்க. அந்தப் பொண்ணு பொய் சொல்லுச்சுன்னு தோணுதா?”

“சேச்சே. அந்தப் புள்ள வாயில பொய்யே வரல பாய். அவன் செஞ்சிருக்கான்.”

“அப்பாலிக்கா இன்னாத்துக்குக் கையத் தூக்கல?”

அய்யாத்துரை புறாவை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். “எத்தன வருசம் போடுவாகன்னு தெரியாம எப்படித் தூக்குததுங்கேன்?”

அத்தாவுல்லா இதை எதிர்பார்க்கவில்லை. சந்தேகம் இருந்தால் சாட்சியைக் காட்டித் தீர்க்கலாம்; இது சந்தேகமே இல்லை. மற்ற மூவரிடமும் விசாரித்தார். அவர்களும் அதையேதான் வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். செய்தவன் அவன்தான், ஆனால் அவனுக்குப் பெண்டாட்டி இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆயுள் பூராவும் உள்ளே தள்ளிவிட்டால் அந்தப் பாவம் யாருக்கு? அத்தாவுல்லாவுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக வந்தது. குற்றம் செய்தான் என்று ஒன்பது பேரும் நம்புகிற ஓர் அறையிலிருந்து ஒருவன் குற்றவாளி என்ற தீர்ப்பு இல்லாமல் வெளியே நடந்துபோக முடியுமா?

போர்மேன் ஞானம், ரிட்டயரான தபால் இலாகாக்காரர். ஜட்ஜையே கேட்டுவிடலாம் என்றார். ஒன்பது பேரும் மறுபடி கோர்ட்டுக்குள் போய் உட்கார்ந்தார்கள். குற்றம் உண்டா இல்லையா என்பது உங்கள் பொறுப்பு, தண்டனை என் பொறுப்பு என்றார் ஜட்ஜ். சட்டம் என்ன சொல்கிறது என்று மட்டும் ஞானம் பணிவாகக் கேட்டார். ஆயுள் முழுக்க நாடு கடத்தலாம், அல்லது பத்து வருஷம் வரை சிறை என்று பதில் வந்தது. அந்தமானுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தி வெகுகாலமாகிவிட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து மட்டும் அந்தமான் இன்னும் போகவில்லை. அத்தாவுல்லா, தன் முறை இல்லை என்று தெரிந்தும், எழுந்துவிட்டார். குறைந்தது எவ்வளவு என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கி அதை இங்கிலீஷில் சொன்னார். ஜட்ஜ் பேனாவை மூடி வைத்தார். குறைந்தபட்சம் என்று சட்டம் எதையும் வைக்கவில்லை என்றார்.

அறைக்குத் திரும்பியதும் அத்தாவுல்லாவால் உட்கார முடியவில்லை.

“இன்னா சட்டம்பா இது? வலைக்கு மேல மிதப்பு கட்டிக்கீறான், கீழ ஈயம் கட்டல. மீனு அடியால பூந்து பூடுமே?”

“பாய் இங்கேயும் கடையைத் திறந்துட்டார்” என்றார் ஞானம். கண்ணாடிக்காரர்கூடச் சிரித்தார்.

அய்யாத்துரை சிரிக்கவில்லை. “கீழ இத்தன வருசம் கட்டாயம்னு சட்டத்துல எழுதியிருந்தா நான் இன்னைக்கு யோசிக்கவே மாட்டேன் பாய். குத்தவாளி இல்லைன்னு சொல்லிட்டு டிராம் ஏறியிருப்பேன். ஜட்ஜு கொஞ்சமாவும் போடலாம்ங்கதாலதான் இங்கன உக்காந்திருக்கேன்.”

அத்தாவுல்லா இப்போதுதான் உட்கார்ந்தார். நீங்களே ஜட்ஜாக இருந்தால் என்ன போடுவீர்கள் என்று நால்வரையும் கேட்டார். ஒருவர் ஆறு மாதம் என்றார். ஒருவர் ஐந்து வருஷம். கண்ணாடிக்காரர், சிறையே வேண்டாம், நாலு கசையடி கொடுத்துப் புத்தி சொல்லி அனுப்பலாம் என்றார். அய்யாத்துரை ரொம்ப நேரம் யோசித்து, ரெண்டு வருஷம் என்றார். ஒரே கதையை, ஒரே நாளில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவர்கள்.

அப்போதுதான் ஞானம் அந்த வழக்கத்தைச் சொன்னார். குற்றவாளி என்று சொல்லும்போதே, தயவு காட்டும்படி ஜூரி சிபாரிசும் செய்யலாம். ஜட்ஜ் கேட்கலாம், கேட்காமலும் போகலாம்; பெரும்பாலும் கேட்பார். சொல்லிவிட்டு ஞானம் மேஜையைப் பார்த்தார். அத்தாவுல்லாவுக்கு அந்த வார்த்தையே பிடிக்கவில்லை. தயவு, அவனுக்கு. ஆனால் கூண்டில் அந்தப் பெண் மறுபடி தண்ணீர் குடிப்பது கண்ணெதிரே வந்தது.

“சரி அண்ணாச்சி. தயவு காட்டச் சொல்லிக் கேட்டுக்கலாம். கையத் தூக்குவீங்களா?”

“எல்லாருமாச் சேந்து கேக்கணும்.”

“கேக்கறோம்.”

கருப்பட்டிப் பிசுக்கு நகக்கண்ணில் ஒட்டியிருந்த அந்தக் கை மெதுவாக மேலே போயிற்று.

கோர்ட்டில் ஞானம் எழுந்து, ஆறுக்கு மூன்று, குற்றவாளி என்றார். தமிழில் அது சொல்லப்பட்டபோது பின்வரிசையில் சிலுவையம்மாள் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டாள். தயவு கேட்ட அடுத்த வாக்கியம் தமிழில் வந்தபோது கண்ணைத் திறந்தாள். ஜூரிப் பெட்டியில் இருந்த ஒன்பது முகங்களையும் ஒன்றுவிடாமல் பார்த்தாள். ஜட்ஜ் ஜூரியின் சிபாரிசை மதிப்பதாகச் சொல்லி, இரண்டு வருஷக் கடுங்காவல் விதித்தார்.

சித்திரை பிறந்து சில நாள் கழித்து, காலையில் கடை திறந்த சூட்டோடு சிலுவையம்மாள் வந்து நின்றாள். தெருவில் ஒரு கைவண்டி. அதில் பெட்டி, பாய்ச் சுருள், கவிழ்த்த மீன்கூடைகள். வண்டிக்காரன் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். சாமான் கட்ட உறுதியான கயிறாக வேண்டும் என்றாள். கயிற்றை அளந்து நிமிர்ந்தபோது அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ கோர்ட்டுல குந்திகினு இருந்த ஆள்தானே, நைனா?”

“ஆமாம்மா.”

“எண்ணூருக்குப் போறோம். அவன் பொண்டாட்டி எங்க வரிசை வூட்டுலியே கீறா. அவனும் அங்கதான் வருவான். எம்பொண்ணு தாவணி போடறதுக்குள்ள வந்துடுவான்.” கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டே கேட்டாள்: “தயவு காட்டுன்னு சொன்னது யாரு?”

அறைக்குள் பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்று அவருக்குத் தெரியும்.

“நாந்தாம்மா கேட்டேன். அத்தக் கேக்கலன்னா ஆறு பேரு சேந்திருக்க மாட்டாங்க. கேஸு முதல்லேர்ந்து நடந்திருக்கும். உம்பொண்ணு இன்னொரு வாட்டி கூண்டுல ஏறி நின்னுருக்கணும். அது பாவம்னு...”

சிலுவையம்மாள் கோபப்படவில்லை. அவர் சொன்னதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பவள்போல நின்றாள். பிறகு சொன்னாள்:

“அவள ஒரு வார்த்த கேட்டுருக்கலாம். நின்னுருப்பா.”

அவளே சாமான்களை இறுக்கிக் கட்டினாள். வண்டி வடக்கே நகர்ந்தது. அத்தாவுல்லா கடையை விட்டு இறங்கி ரயில்வே கேட் வரை பின்னாலேயே போனார். ஏன் போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. கேட் மூடியிருந்தது. அம்மு வண்டியை விட்டு முன்னே ஓடி, கேட்டின் அடிக்கம்பியில் ஏறி நின்று, வருகிற கூட்ஸ் வண்டியை எட்டிப் பார்த்தாள். தாய் கூப்பிட்டாள்; இறங்கவில்லை. புகை வந்து மூடியது. பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்துபோக, புகைக்குள் அந்த இரண்டு கைகள் மட்டும் மேல்கம்பியைப் பிடித்தபடி தெரிந்தன.