பாலுக்கு விலக்கு இல்லை

துனிசிய எல்லைச் சாவடியில், கைக்குழந்தை இத்ரீஸை அணைத்தபடி மப்ரூகா கொதித்துக்கொண்டிருந்தாள். இதய அறுவைக்குப் போகும் குழந்தைக்குத்தான் கொரோனா தனிமைப்படுத்தலிலிருந்து விலக்காம். துணைக்கு வந்தவள் இரண்டு வாரம் விடுதியில் அடைபட்டுக் கிடக்க வேண்டுமாம்.

"துணையா? நான் இவனோட சாப்பாடுய்யா!"

அதிகாரி நிமிரவில்லை. "புட்டிப்பால் குடும்மா."

"புட்டியக் கண்டாலே மூஞ்சியத் திருப்பிக்கிறான்!"

குழந்தையை ஏற்றிப்போக வந்திருந்த துனிசிய ஆம்புலன்ஸிலிருந்து நர்ஸ் சல்வா இறங்கி வந்தாள். "நானும் பால் குடுக்குறவதான் அக்கா. நீ வர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேன். ஆனா நம்ம மார்க்கத்துல ஒரே பால் குடிச்சா இவன் என் மகளுக்கு அண்ணன்; நாளைக்கு அவளப் பொண்ணு கேட்டு வரக்கூடாது, சரியா?"

மப்ரூகா சிரிக்கவில்லை. பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டு அதிகாரியிடம் திரும்பினாள்.

"இப்ப இவனுக்கு ரெண்டு தாய். அல்லாஹ் கேக்கறப்ப, உன் சட்டத்துல பெத்தவளுக்கு மட்டும் இடமில்லன்னு சொல்லு."