இரவல் மூச்சு

சாம்பிராணியைக் கொளுத்தியது யார் என்று பிறகு அந்த வீட்டில் பெரிய விசாரணை நடந்தது. கொளுத்தியது உம்மாதான். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், வீடு மணக்கட்டும் என்று ஆசைப்பட்டார். வீடும் மணந்தது. மஸ்கெட் இனிப்புத் தட்டோடு முன்னறைக்கு வந்த ஆதிலா, மாப்பிள்ளையின் தாய் சுபைறா மாமிக்கு ஸலாம் சொல்லி முடிக்கும் முன்பே இருமத் தொடங்கினாள். இருமலின் கடைசியில் நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய விசில் சத்தம் ஒன்று வந்தது.

சுபைறா மாமி கையில் எடுத்த மஸ்கெட் துண்டைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

"புள்ளைக்கு முட்டு வருத்தம் இரிக்கா?" என்று ஆஸ்துமாவைக் கேட்டார்.

"அல்லாஹ்ட காவல், அப்பிடி ஒண்டும் இல்ல மதினி. நேத்து ஐஸ் தண்ணி குடிச்சிட்டாள்," என்றார் உம்மா. ஆதிலா ஐஸ் தண்ணீரைக் கண்ணால் கண்டே வருடக்கணக்காகிறது.

"நாங்க சந்தேகப்படல்ல. ஆனா ஒரு வாகனம் எடுக்குறண்டாலும் எஞ்சின ஒருக்காப் பாத்துத்தானே எடுக்குற? கல்முனையில ஊதிப் பாக்குற டெஸ்ட் ஒண்டு இரிக்காம். ஊதி, ரிப்போட்டக் காட்டுங்க. பொறகு நாள் வைப்பம்."

அதுவரை அவர்கள் தரை மாபிளைத் தட்டிப் பார்த்திருந்தார்கள். குளியலறைக் குழாயைத் திறந்து மூடியிருந்தார்கள். குசினியில் பொலித்தீன் உறைகூடக் கழற்றாமல் நின்ற கேஸ் அடுப்பைத் தடவி "மாஷா அல்லாஹ்" சொல்லியிருந்தார்கள். எல்லாம் பாஸ். மிச்சம் இருந்தது மணப்பெண்ணின் நுரையீரல் ஒன்றுதான். மாப்பிள்ளை ஹாதிக் மூலைக் கதிரையில் அடக்கமாக இருந்தார். இடைக்கிடை "கோல் ஒண்டு" என்று போனைக் காதில் வைத்துப் படலைக்கு வெளியே போய், ஏலக்காய் மென்றுகொண்டு திரும்பி வந்தார். ஏலக்காயையும் தாண்டி சிகரெட் மணந்தது. அவரை யாரும் ஊதச் சொல்லவில்லை.

இவ்வளவையும் பின்கதவு இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றாள் ஆதிலாவுக்கு மூத்தவள், ராத்தா றுக்ஸானா. விருந்தாளிகள் வரும்போது அவள் நிற்கும் இடம் அதுதான். முப்பத்தாறு வயது, புருஷன் இல்லை, நல்ல காரியங்களில் முன்னால் வந்து நிற்கும் முகமும் இல்லை என்று ஊர் முடிவு செய்திருந்தது.

இதிலே வேடிக்கை என்னவென்றால், அவர்கள் தட்டிப் பார்த்த மாபிள் அவளுடையது. மருதமுனையில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பார்கள். வாப்பா சீனிமுகம்மது நெல் அவித்து, அரிசி விற்று, மூத்த மகளுக்கென்று இந்த வீட்டைக் கட்டி அவள் பேரிலேயே உறுதிப் பத்திரமும் எழுதினார். மாப்பிள்ளை வந்தார், இருந்தார், கட்டாருக்குப் போனார். போன இடத்தில் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டு போனிலேயே தலாக் சொன்னார். அவர் போனாலும் வீடு எங்கேயும் போகவில்லை. றுக்ஸானாதான் போனாள். முன்னறையிலிருந்து பின்னறைக்கு, பின்னறையிலிருந்து வளவுக் கோடியில் நெல் அவிக்கும் கொட்டிலுக்கு. "மாப்பிள்ளை இல்லாதவளுக்கு மாபிள் எதுக்கு?" என்று உம்மா கேட்டார். ஊரும் தலையை ஆட்டியது. இந்தக் கலியாணத்துக்கு அவள் வீட்டை ஆதிலாவின் பேருக்கு எழுதிக் கொடுப்பாள் என்பது முடிவான விஷயம். அவளிடம் மட்டும் இன்னும் கேட்கவில்லை.

அன்று அஸர் தொழுதுவிட்டு உம்மா கொட்டிலுக்கு வந்தார். உமி அடுப்பின் புகைக்குள் றுக்ஸானா நெல்லைக் கிளறிக்கொண்டு நின்றாள்.

"மகள், நாளைக்குக் கிளினிக்குக்கு நீ வா. ஆதிலாட பேரச் சொல்லி நீ ஊது."

றுக்ஸானா அகப்பையை நிறுத்தினாள். "நானா?"

"நீதானே நெல்லு மூட்டைய ஒத்தையாத் தூக்குற. ஒனக்கு இரும்பு நெஞ்சு. அவள் ஊதினா முட்டுண்டு எழுதிருவானுகள். ஒருக்கா எழுதினா, அவளுக்கு இந்த ஊருல மாப்பிள்ளை கிடைக்குமா?"

பின்னால் வந்து நின்ற ஆதிலாவுக்குக் கோபம் வந்தது. "உம்மா, நான் ஒழுங்கா பம் அடிக்கிறதால நெஞ்சு நல்லா இரிக்கிண்டு டொக்டரே சொன்னாரு. இண்டைக்கு இருமினதும் ஒங்கட சாம்பிராணியாலதான். நானே ஊதுறன்."

"வாய மூடு. பம்மு கிம்முண்டு சத்தமாக் கதைக்காத, மதிலுக்கும் காது இரிக்கி."

ஆதிலாவின் பம் தையல் மெஷின் லாச்சிக்குள், நூல் கட்டைகளுக்கு நடுவில் வாழ்ந்து வந்தது. வாயில் வைத்து அமுக்கி இழுப்பது, சிறுவயதிலிருந்து மூச்சைக் கொடுத்து வரும் மருந்து. களவெடுத்த நகையைக் கூட யாரும் அப்படி மறைக்கமாட்டார்கள்.

றுக்ஸானாவும்தான் இருமினாள். காலையில் எழுந்ததும் இருமினாள், மூட்டையை இறக்கியதும் இருமினாள், இப்போதெல்லாம் பைப்படிக்குப் போய் வருவதற்குள் நின்று மூச்சு வாங்கினாள். ஆனால் அடுப்படியில் இருமுவது இருமல் கணக்கில் சேராது. அது சமையலில் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"வீட்டத்தான் கேக்கப்போறீங்க. இப்ப மூச்சுமா?" என்றாள்.

"கூடப் பொறந்தவளுக்கு ஒரு ஊத்து ஊதினா என்ன கொறஞ்சா போயிரும்?" என்றார் உம்மா. றுக்ஸானா திரும்பவும் நெல்லைக் கிளறினாள். தங்கையின் மேல் அவளுக்குப் பாசம் இருந்தது. அந்த வீட்டில் எல்லாரும் அதை நம்பித்தான் பிழைத்தார்கள்.

மறுநாள் மூன்று பேரும் ஓட்டோவில் கல்முனைக்குப் போனார்கள். ஆதிலாவை உம்மா வெளியே வாங்கில் இருத்திவிட்டு, றுக்ஸானாவை உள்ளே கூட்டிப் போனார். ஊத வைக்கும் பிள்ளை தர்சிகா, பாண்டிருப்புக்காரி. கணினியில் விவரம் பதிந்துகொண்டே கேட்டாள்.

"பேர்?"

"ஆதிலா," என்றார் உம்மா.

"வயசு?"

"இருபத்தேழு."

தர்சிகா றுக்ஸானாவை ஏற இறங்கப் பார்த்தாள். "இருபத்தேழா?"

"வெயில்ல வந்த, அதான்," என்றார் உம்மா.

தர்சிகா மூக்கில் கிளிப் போட்டாள். வாயில் குழாயை வைத்தாள். "நல்லா இழுங்க அக்கா... இன்னும் இழுங்க... இப்ப ஊதுங்க! ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்!" பின்னால் நின்ற உம்மாவும் கன்னத்தை உப்பிக்கொண்டு, "ஊது மகள், ஊது! யா அல்லாஹ், ஊது!" என்று சேர்ந்து ஊதினார். உம்மாவின் மூச்சை அளந்திருந்தால் அன்றைக்கே நிக்காஹ் முடிந்திருக்கும். றுக்ஸானாவோ பாதியில் நின்று இருமினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. திரும்பவும் ஊதினாள். பிறகு மருந்தை இழுக்கக் கொடுத்து, கொஞ்சம் இருக்கவைத்து, மறுபடியும் ஊத வைத்தார்கள். திரையில் மேலே ஏறவேண்டிய கோடு, மருந்துக்குப் பிறகும் முதலில் நின்ற இடத்திலேயே களைத்துப்போய் நின்றது.

டொக்டர் கேதீஸ்வரன் ரிப்போட்டைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், திரும்பவும் ரிப்போட்டைப் பார்த்தார்.

"சிகரெட் குடிக்கிற பழக்கம் இருக்கா?"

"அஸ்தஃபிருல்லாஹ்! என்ன டொக்டர் கேள்வி?" உம்மா துள்ளினார்.

"விறகு அடுப்பு, உமி அடுப்பு, அந்த மாதிரிப் புகையில வேலை செய்யிறவவா?"

"எங்கட ஆதிலாவா? செல்லமா வளத்த புள்ள டொக்டர். அடுப்பு எந்தப் பக்கம் இரிக்கிண்டும் அவளுக்குத் தெரியா."

"இருமல் எவ்வளவு காலம்?"

"இருமலே இல்ல."

றுக்ஸானா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கேள்வி அவள் நெஞ்சைப் பற்றி வந்தது. பதில் ஆதிலாவைப் பற்றிப் போனது. இந்த இரண்டுக்கும் நடுவில், தான் மருந்தில்லாமலே செத்துப்போகலாம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பயந்தாள். அதைவிட அதிகமாக ஆத்திரப்பட்டாள்.

"எனக்கு விளங்குதில்ல," என்றார் டொக்டர். "இந்த வயசுல, புகையும் இல்லாம, நுரையீரல் இவ்வளவு பழுதாகிறதெண்டா, வேற என்னென்னவோ தேடவேணும். கொழும்புக்கு அனுப்பி ஸ்கேன் பண்ணுவம்."

"கொழும்பெல்லாம் வேணாம் டொக்டர். ரிப்போட்ட மட்டும் கொஞ்சம் நல்லாப் போட்டுத் தாங்களன்," என்றார் உம்மா, தேங்காய் விலை பேசுகிற குரலில்.

"டொக்டர்," என்றாள் றுக்ஸானா. "நான் ஆதிலா இல்ல. நான் அவட ராத்தா, றுக்ஸானா. வயசு முப்பத்தாறு. அடுப்பு எந்தப் பக்கம் இரிக்கிண்டு எனக்கு நல்லாத் தெரியும். சின்னப் புள்ளையில இருந்து நெல்லு அவிக்கிறன். அந்தக் கொட்டில்லதான் இப்ப படுக்கிறதும்."

டொக்டர் உம்மாவுக்கு நன்றாக ஏசினார். உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, ஏச்சு முடியும்வரை காத்திருந்தார். அதன் பிறகு டொக்டர் றுக்ஸானாவைத் திருப்பிக் கேள்வி கேட்டார். இந்த முறை அவளே பதில் சொன்னாள்.

புகையால் மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாகச் சுருங்கிப்போய்விட்டன என்றார். போனது திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் எழுதினார். பம் எழுதினார். மூக்கால் இழுத்து, விளக்கை மெல்ல அணைப்பதுபோல் உதட்டைக் குவித்து விடும் மூச்சுப் பயிற்சியைத் தர்சிகா சொல்லிக் கொடுத்தாள்.

"ஆனா முக்கியமான மருந்து பாமசில இல்ல," என்றார் டொக்டர். "புகை இல்லாத வீடு வேணும். அந்தக் கொட்டில்ல இனிப் படுக்கவும் கூடாது, அவிக்கவும் கூடாது. வேற நல்ல அறை இருக்கா?"

"பாப்பம் டொக்டர்," என்றார் உம்மா. "கலியாணம் முடியட்டும்."

பிறகு ஆதிலாவும் தன் சொந்தப் பேரில், தன் சொந்த நெஞ்சால் ஊதினாள். ஒழுங்காக பம் அடித்து வந்த நெஞ்சு. கோடு மேலே ஏறி அழகாக வளைந்து இறங்கியது. உம்மா அந்தத் தாளை முத்தமிட்டார். ஓட்டோவில் ஏறும் முன்பே சுபைறா மாமிக்குப் போன் போட்டு, "அல்ஹம்துலில்லாஹ், எங்கட புள்ளைக்குத் தங்கமான நெஞ்சு மதினி!" என்றார். இன்னொரு புள்ளையின் நெஞ்சு பக்கத்திலேயே ஓட்டோவில் இருந்தது. அதைப் பற்றி அந்தப் போனில் கதை இருக்கவில்லை. ஆதிலாதான் ராத்தாவின் கையை வீடு வரைக்கும் விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, உறுதி எழுதும் நொத்தாரிஸ் வந்தார். சுபைறா மாமியும் ஹாதிக்கும் வந்தார்கள். இந்த முறை சாம்பிராணி இல்லை. மேசையில் உறுதியும் பேனாவும் இருந்தன.

"றுக்ஸானா! ஒரு கையெழுத்து வெச்சிட்டுப் போ மகள்," என்று பின்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார் உம்மா.

அவள் பின்பக்கத்தால் வரவில்லை. வளவைச் சுற்றி நடந்து முன்வாசலால் வந்தாள். ஒரு கையில் பாயும் தலையணையும், மறு கையில் பம். இவ்வளவு நடந்ததற்கே மூச்சு வாங்கியது. எல்லாரும் பார்த்திருக்க நடு அறையில் நின்று, பம்மை வாயில் வைத்து அமுக்கி, இழுத்து, அடக்கி, உதட்டைக் குவித்து மெல்ல விட்டாள். அவசரப்படவில்லை.

"எனக்குக் கையெழுத்து வைக்க ஏலாது வாப்பா," என்றாள். "புகை இல்லாத வீட்டுல இருக்கச் சொல்லிரிக்கி. அப்பிடி ஒரு வீடு என்ட பேர்ல இரிக்கி. ஆதிலாவும் மாப்பிள்ளையும் என்னோட இருக்கலாம், அறை கிடக்கு. வீட்ட மட்டும் எழுத மாட்டன்."

"என்ட அல்லாஹ், தங்கச்சிட வாழ்க்கையக் கெடுக்காளே!" உம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

ஆதிலா எழுந்தாள். தையல் மெஷின் லாச்சியைத் திறந்து, தன் பம்மை எடுத்துவந்து உறுதிக்குப் பக்கத்தில் வைத்தாள். "எனக்கும் முட்டு இரிக்கி மாமி. மருந்து எடுக்கிறதால நல்லா இரிக்கன். ரிப்போட்டும் பொய்யில்ல. இனி ஒங்கட விருப்பம்."

சுபைறா மாமி பம்மைப் பார்க்கவில்லை. மாபிளைப் பார்த்தார். "நாங்க என்ன வீட்டுக்கா வந்த? புள்ளைக்குத்தானே வந்த!" என்று சொல்லிக்கொண்டே எழுந்து செருப்பைத் தேடினார். புள்ளை அங்கேயேதான் நின்றாள். ஹாதிக் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு, "கோல் ஒண்டு" என்று வெளியே போனார். அந்தக் கோல் இன்னும் முடியவில்லை.

வாப்பா சீனிமுகம்மது உறுதியை மடித்து மூத்த மகளின் கையில் கொடுத்துவிட்டு, உமி அடுப்பில் தண்ணீர் ஊற்றப் போனார்.

வீட்டால் குழம்பிய கலியாணம் என்று ஊரில் யாரும் சொல்லவில்லை. வீட்டுக்காகப் பெண் கேட்டோம் என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? "அந்தப் புள்ளைக்கு முட்டாம், ஊதிப் பாத்ததில புடிபட்டிட்டாம்" என்று மருதமுனை முழுக்கப் பேசியது. ஊருக்குள் முழுசாய்ப் பாஸான நெஞ்சு என்று தாளோடு நிரூபிக்கக்கூடியவள் ஆதிலா ஒருத்திதான். முட்டுக்காரி என்று பேரெடுத்தவளும் அவள்தான்.

ஒரு மாதம் கழித்து, கலியாணம் பேசித் திரியும் ஒரு பெண் படலையைத் தட்டினாள். உம்மா அவசரமாக ரிப்போட்டை எடுத்து நீட்டினார்.

"ஊர்க் கதைய நம்பாதீங்க. இஞ்ச பாருங்க, டொக்டர்ர கையெழுத்து. நெஞ்சு தங்கம்."

வந்தவள் தாளைத் தொடவில்லை. "அத விடுங்க, முட்டு இந்தக் காலத்துல ஆருக்கு இல்ல? எல்லாத்துக்கும் மருந்து இரிக்கி," என்று பெருந்தன்மையாகச் சொன்னாள். பிறகு கூரையைப் பார்த்தாள், ஜன்னல்களை எண்ணினாள், குரலைத் தாழ்த்தினாள்.

"வீடு இப்ப ஆர்ர பேர்ல?"

குசினியில் றுக்ஸானா கேஸ் அடுப்பின் பொலித்தீன் உறையைக் கழற்றி மடித்து வைத்திருந்தாள். தேத்தண்ணீருக்குக் கேத்தலை ஏற்றினாள்.

"என்ட பேர்ல," என்றாள், முன்னறைக்குக் கேட்கும்படி. ஒரே மூச்சில் சொல்ல முடிந்தது.