ஓடை ஓய்ந்த மத்தியானம்

மலையுச்சிக்குச் சற்றுக் கீழே, ஒரு மேட்டில் இருந்த வானிலை நிலையத்தில் அவளுக்கு மழை அளக்கும் வேலை. சுற்றிலும் மரங்கள் ஆள் உயரம்தான். காற்று முறுக்கி முறுக்கியே குள்ளமாகிப்போனவை. கிளையெல்லாம் தடித்த பாசி. மேகத்திலிருந்தே ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, வெயில் மாதத்திலும் சொட்டுச் சொட்டாக ஓடைக்கு விட்டுக்கொண்டிருக்கும். ஆறு வருஷத்தில் அந்த ஓடையின் இரைச்சல் ஒருநாளும் ஓய்ந்ததில்லை.

அன்று மத்தியானம் ஓய்ந்தது. மழையோ கொட்டிக்கொண்டிருந்தது.

உச்சியில் எங்கோ மண் சரிந்து ஓடையை அடைத்திருக்க வேண்டும். கீழே, ஓடைக்கரை ஷெட்டில், சமையல்காரரையும் சேர்த்து ரோடு வேலைக்கு வந்த பத்துப் பேரோடு அவள் அண்ணன் இருந்தான், அவன்தான் மேஸ்திரி. வயர்லெஸ்ஸை எடுத்து, ஆட்களை மேலே ஏற்றச் சொன்னாள்.

அண்ணன் சிரித்தான். போன வருஷம் அவள் பேச்சைக் கேட்டு எல்லோரும் சரிவில் ஏறி விடிய விடிய நனைந்ததுதான் மிச்சம். அன்றிலிருந்து அவளுக்குப் ‘புரளி’ என்றே பெயர். இங்கேயும் ஓடை வற்றிவிட்டது, பையன்கள் வாளியோடு இறங்கி மீன் பொறுக்குகிறார்கள் என்றான்.

அவள் வயர்லெஸ்ஸை வாயருகே இழுத்தாள்.

“அண்ணே, இங்க மழை ஒரு சொட்டுகூடக் குறையல. அந்தத் தண்ணியெல்லாம் எங்க போய் நிக்குதுன்னு நீயே சொல்லு.”

ஆட்களைக் கூப்பிட அண்ணன் விசில் ஊதுவது வயர்லெஸ்ஸில் கேட்டது, விடாமல்.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. தரை அதிர்ந்தது. மேட்டுக்குக் கீழே ஓடைப்பள்ளத்தில் சேறும் பாறையும் ஒன்றாக உருண்டு போயின. நடுவில் சில மரங்கள் நின்ற வாக்கிலேயே நகர்ந்தன.

“வந்துருச்சு. போட்டது போட்டபடி ஏறுங்க.”

வயர்லெஸ் கரகரத்தது, அவ்வளவுதான். கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அண்ணிக்கு என்ன பதில் சொல்வது என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

இருபது நிமிடம் கழித்து அண்ணன் குரல் மூச்சிரைக்க வந்தது.

“பதினோரு பேரும் இருக்கோம். ஷெட்டு இல்ல.”

சமையல்காரர் மீன் வாளிக்காகத் திரும்பி ஓடினாராம். சட்டையைப் பிடித்து இழுத்ததில் அண்ணனுக்குத் தோள் மூட்டு விலகிவிட்டது. அவள் ஜன்னலுக்குப் போய் உச்சியைப் பார்த்தாள். மேலே சரிவு இன்னும் பிளந்து நின்றது.

“கீழ எறங்கிடாதீங்க. இன்னொண்ணு வரலாம்.”

“எதுவரைக்கும்?”

“நான் சொல்ற வரைக்கும்.”

“சரி” என்றான் அண்ணன். வேறெதுவும் கேட்கவில்லை.