தலைகீழாகப் பார்த்தது கணக்கில் சேராது

டோபி காட் ரயில் மேடையில் வாடிக்கையாளர் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால், யாரென்றே எனக்குத் தெரியாது. திமிர் பிடித்தவள் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். லிட்டில் இந்தியாவில் நூலால் புருவம் எடுப்பவள் நான். நாற்காலியைச் சாய்த்து, தலைக்குப் பின்னால் நின்றுதான் வேலை. எல்லா முகமும் எனக்குத் தலைகீழ். கண் கண்ணாகத் தெரியும், வாய் வாயாகத் தெரியும், ஆள் மட்டும் பிடிபடாது.

அதனால்தான் வேலை முடிந்ததும் நாற்காலியை நிமிர்த்தி, முன்னால் போய் நின்று ஒருமுறை பார்ப்பேன். முதலாளி தாரணிக்கு அது பிடிக்காது. தீபாவளிக் கூட்டம் வாசல்வரை நிற்கிறது, கண்ணாடியைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடு என்பார். நான் கேட்டால்தானே.

அன்று ஆமினா பீவி அக்கா வந்தார், பாசிர் ரிஸ்ஸிலிருந்து மாதாமாதம் வருகிறவர். வாசலில் வாய்கொள்ளாமல் சிரித்தவர், சாய்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். புருவத் தோலை இழுத்துப் பிடித்திருந்த அவருடைய இடது கை பாதியில் நழுவியது. தூக்கமா அக்கா என்று அதட்டி, எடுத்து வைத்தேன். மறுபடி நழுவியது. முகம் என் கண்ணுக்குக் கீழேதான் இருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நிமிர்த்திவிட்டு முன்னால் வந்தேன். வாயின் இடப்பக்கம் தொங்கிப்போயிருந்தது. சிரிக்கச் சொன்னேன். பாதி வாய்தான் சிரித்தது. கை ஏன் நழுவியது என்று அப்போதுதான் உறைத்தது.

பக்கவாதம் என்றேன். தாரணி என்னை ஓரமாக இழுத்தார். நூலால்தான் இப்படி ஆனது என்று பழியை நம் தலையில் போடுவார்கள், பேசாமல் டாக்சி பிடித்து வீட்டுக்கு அனுப்பு என்றார். அக்காவும், படுத்தால் சரியாகிவிடும் என்று குழறிக்கொண்டே எழப் பார்த்தார்.

"நீங்க வீட்டுக்குப் போகப் போறதில்லக்கா. ஆம்புலன்ஸ்லதான் போறீங்க. என் வேலை போனா போகட்டும் லா," என்று அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்து, ஆம்புலன்சை அழைத்தேன்.

வந்த மருத்துவ உதவியாளர் தமிழர். முகம் கடைசியாக எப்போது சரியாக இருந்தது என்று கேட்டார். அந்த நேரத்தை வைத்துத்தான் எந்த மருந்து என்று டாக்டர் முடிவு செய்வாராம். உங்களைக் கூப்பிடுவதற்கு ஒரு நிமிடம் முன்புவரை நன்றாகத்தான் இருந்தது என்று தாரணி முந்திக்கொண்டார், தாமதித்தோம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இல்லங்க. பதினொன்றேகாலுக்கு வாசல்ல நுழைஞ்சப்ப நல்லா இருந்துச்சு. அதுக்கப்புறமும் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். ஆனா தலைகீழா. அது கணக்குல சேராது."

அவர் பதினொன்றேகால் என்றே குறித்துக்கொண்டார்.

இத்தனை பேர் காத்திருக்கும்போது போனால் திரும்பி வராதே என்றார் தாரணி. நான் வண்டியில் ஏறினேன். அக்காவின் தலைமாட்டில் இருந்த இருக்கையைக் காட்டினார்கள். வேண்டாம் என்று சொல்லி, கால்மாட்டுப் பக்கம் போய், முகம் நேராகத் தெரியும்படி உட்கார்ந்தேன். இனி அந்த முகத்தில் எது மாறினாலும் முதலில் பார்ப்பது நானாகத்தான் இருக்கவேண்டும்.